கேனில் ஏறாத தண்ணீர்

பிப்ரவரி 11, ஞாயிறு

கல்லூரியில் சிறிய ஆய்வு ஒன்றுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. "செங்காட்டுப்புதூர் கிணற்று நீரின் தரம்" என்று தலைப்பு கொடுத்திருந்தேன். முதல்வர் அம்மா படித்துவிட்டு, "உப்பு, கடினத்தன்மை, அவ்வளவுதானே பரிமளா?" என்றார். தலையாட்டினேன். உண்மையில் நான் தேடப்போவது இனிப்பு. சர்க்கரை நோயாளிகள் காபியில் போடுகிறார்களே சின்ன மாத்திரை, அதன் இனிப்பு.

அது விசித்திரமான பொருள். உடம்பு அதைத் தொடுவதில்லை. போன வேகத்தில் அப்படியே வெளியே வந்துவிடும். சாக்கடையில் இருக்கும் கிருமிகளும் அதைத் தின்ன அவ்வளவாக ஆசைப்படுவதில்லை. மண் பிடித்து வைப்பதில்லை. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். ஆகவே ஒரு கிணற்றில் அது இருந்தால், யார் வீட்டுக் குளியலறைத் தண்ணீரோ அங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

என்னோடு எம்.எஸ்சி. படித்த ஃபெலிசியா சென்னையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறாள். "பாட்டில அனுப்புடி, மெஷின் சும்மா இருக்கிற நாள்ல ஓட்டித் தரேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

மாடியில் துணி காயவில்லை. நாளைக்குக் கீழ்வீட்டுக் கொடியில் போட வேண்டும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று ஊர் சுற்றினேன். ஊர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேற்கே மேட்டில் நெடுஞ்சாலை. அதற்குக் கீழே குட்டை. அங்கிருந்து கிழக்கே இறங்கிக்கொண்டே வந்தால் எங்கள் வீதி. வீதியின் நடுவில் என் தம்பி லோகுவின் வீடும், ஒட்டினாற்போல அவனுடைய கேன் தண்ணீர் பிளாண்டும். சரிவின் கடைசியில் தில்ஷாத் வீடு, பழைய கல்கட்டுக் கிணற்றோடு.

நான் லோகு வீட்டு மாடியில் இருக்கிறேன். தற்காலிகமாகத்தான்.

தண்ணீர் எடுப்பதற்கு முன் கையை நாலு தடவை கழுவிக்கொண்டேன். லோகுவின் மனைவி யசோதாவுக்குச் சர்க்கரை உண்டு. அவள் காபி டம்ளரைத் தொட்ட கையால் பாட்டிலைத் தொட்டால்கூட மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். அவ்வளவு நுட்பம். ஒரு பெரிய நீச்சல் குளத்தில் ஒரு சிட்டிகை போட்டாலும் கண்டுபிடிக்கும்.

தில்ஷாத் கிணற்றில் வாளி இறக்கும்போது அவள் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். ஆறு மாதக் குழந்தை, பெயர் ஆலியா. தில்ஷாத் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். புருஷன் லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் மகாராஷ்டிராவில்.

"எங்க கெணத்துத் தண்ணிய டெஸ்ட்டுக்கு அனுப்பறீங்களாக்கா? நல்ல தண்ணின்னு சர்டிபிகேட் குடுங்க, ஃப்ரேம் போட்டு மாட்டிக்கறேன்" என்று சிரித்தாள்.

குட்டைக்கருகில் ஒன்று, வீதியில் நாலைந்து, தில்ஷாத் வீட்டில் ஒன்று. லோகுவின் போர்வெல்லில் மட்டும் தண்ணீர் எடுக்கவில்லை. பிளாண்ட் பூட்டியிருந்தது.

மார்ச் 2, சனி

இனிப்பு எல்லாக் கிணற்றிலும் இருக்கிறது! யசோதாவிடம் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்ர மாத்திரை ஊருக்கே போயிருக்குதுங்களா அண்ணி? இனி எல்லாரும் என்னையத்தான் திட்டுவாங்க."

ஃபெலிசியா சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"உங்க ஊர்ல ஏர்போர்ட் ஏதாவது இருக்கா?"

"பஸ் ஸ்டாண்டே இல்லடி."

"எண்ணெய் கம்பெனி? ஃபயர் சர்வீஸ் ட்ரெயினிங் நடக்கிற இடம்?"

"ஒண்ணும் கிடையாது. ஏன்?"

"இனிப்பு தேடச் சொன்னே, தேடினேன். பக்கத்துல இன்னொண்ணும் தெரிஞ்சுது. ஃப்ளோரின் சங்கிலி. தீயணைக்கிற நுரையில போடுவாங்களே, அந்தக் குடும்பம். உங்க ஊருக்கு அது எப்படி வந்துச்சு?"

எப்படி வந்தது? சமைக்கும்போதெல்லாம் அதே யோசனை. ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.

மார்ச் 3, ஞாயிறு

கீழே எல்லோரும் சேர்ந்து மத்தியானச் சாப்பாடு. "இந்தப் பக்கம் எப்பவாவது பெருசா தீப்பிடிச்சுதா?" என்று பொதுவாகக் கேட்டேன். லோகுவின் முகம் மலர்ந்துவிட்டது.

"உனக்குத் தெரியாதாக்கா? அப்ப நீ மெட்ராஸ்ல படிச்சிட்டு இருந்த. நான் ப்ளஸ் டூ. ஹைவேஸ் வளைவுல பெட்ரோல் டேங்கர் ஒண்ணு கவுந்து போச்சு. நெருப்பு பனைமர ஒசரம். ஈரோடு, திருப்பூர்னு எல்லாப் பக்கமிருந்தும் ஃபயர் வண்டி வந்து நுரைய அடிச்சாங்க பாரு... முழங்காலு வரைக்கும் வெள்ளையா நுரை! அந்த மேட்டுலருந்து குட்டை வரைக்கும் வழிஞ்சு வந்துச்சு. நாங்க அத்தன பேரும் அதுல உருண்டோம். சினிமாவுல காஷ்மீர் பாக்கற மாதிரி இருந்துச்சு."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலியா?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. அந்த நுரை இல்லீன்னா கீழ் வீதி பூராம் வெந்திருக்கும்."

அவன் சொன்னது சரி. அந்த நுரைதான் இந்த ஊரைக் காப்பாற்றியது. அன்றைக்கு அடித்தவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பெட்ரோல் ஆவியாகிவிட்டது, கரி மழையில் போய்விட்டது, வளைவையே நேராக்கிவிட்டார்கள். நுரை மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கார்பனும் ஃப்ளோரினும் கைகோத்துவிட்டால் பிரிக்க எதனாலும் முடிவதில்லை. வெயில், கிருமி, காலம், எதுவும் தொடாது. அதிலும் நீளமான சங்கிலிகள் மண்ணைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வரும். நீளம் குறைந்த சங்கிலிகள் எதையும் பிடிப்பதில்லை. தண்ணீரோடு ஓடிவிடும். எங்கள் ஊரில் நிலத்தடி வெறும் பாறை. பாறை வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும்.

எனக்கு எத்தனையோ நாளுக்குப் பிறகு படிப்பு ஞாபகம் வந்து மனசு துள்ளுகிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. இது துள்ளுவதற்குரிய விஷயமா?

ஈரோட்டிலிருந்து, நான் பிரிந்து வந்த கணவரின் ஃபோன். எடுக்கவில்லை.

மார்ச் 16, சனி

மறுபடியும் தண்ணீர் எடுத்தேன். இந்தத் தடவை கைக்கு க்ரீம் தடவவில்லை, புதுத் துணி உடுத்தவில்லை; நீர் ஒட்டாத துணி, நான்ஸ்டிக் பாத்திரம் எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு. பழைய பருத்திச் சேலையில் தலைகலைந்து வீதியில் போனதைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று நாலு பேர் கேட்டார்கள்.

தில்ஷாத் குழந்தைக்குக் கஞ்சி கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. "டாக்டரம்மா நல்லாக் கொதிக்க வெச்சுக் குடுக்கச் சொன்னாங்கக்கா. பாதியா வத்தற வரைக்கும் விட்டுருவேன். எந்தப் பூச்சியும் இருக்காதில்ல?"

பூச்சி இருக்காது என்றேன்.

லோகு பேங்குக்குப் போயிருந்தான். அவன் போர் எடுக்கவில்லை.

மார்ச் 30, சனி

ஃபெலிசியா அனுப்பிய அளவுகளைப் பேப்பரில் வரைந்து பார்த்தேன். புரியவில்லை.

மேட்டில் நுரை கொட்டிய இடம். அங்கே அதிகமாகவும், கீழே வர வரக் குறைவாகவும் இருக்க வேண்டும். வழியில் மழைத் தண்ணீர் கலந்து நீர்த்துப்போகும். குட்டையிலிருந்து எங்கள் வீதி வரை அப்படித்தான் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் கடைசியில் தில்ஷாத் கிணற்றில் குட்டையைவிடப் பல மடங்கு! இனிப்பும் அங்கேதான் அதிகம். உப்பும்கூட. மூன்றும் சேர்ந்து உயர்ந்திருக்கின்றன.

நடக்க நடக்கப் பெருகுகிற பொருள் உலகத்தில் உண்டா? ஃபெலிசியாவிடம் கேட்டேன்.

"பெருகாது. யாரோ நடுவுல தண்ணிய மட்டும் எடுத்துட்டா, மிச்சம் கெட்டியாகும். பால் காய்ச்சற மாதிரி" என்றாள்.

சரி என்று ஃபோனை வைத்துவிட்டேன். பள்ளமான இடம், வெயிலில் ஆவியாகலாம். கிணறு பழசு. அப்படி ஏதாவது இருக்கும்.

மாவு அரைத்தேன். உளுந்து நன்றாகப் பொங்கி வந்தது.

ஏப்ரல் 11, வியாழன்

ரம்ஜான். தில்ஷாத் பெரிய தூக்குப் போசியில் பிரியாணி கொண்டு வந்து கொடுத்தாள். புருஷனும் வந்திருந்தார். ஆலியாவுக்குப் பச்சைப் பாவாடை, சட்டை. அவளே தைத்தது.

நான் இரண்டு முறை போட்டுக்கொண்டேன். அந்த அரிசி எந்தத் தண்ணீரில் வெந்தது என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் சாப்பிட்டேன். ஏன் என்று எழுதத் தெரியவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப்பிறப்பு. லோகு பிளாண்டில் பூஜை. பிளாண்ட் ஆரம்பித்த வருஷம் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு அவன் வெட்டிய மழைநீர்க் குழிக்கு இன்றும் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். வேறு பிளாண்ட்காரர்கள் கழிவுத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவார்கள். "நாம பூமிலருந்து எடுத்தத பூமிக்கே குடுக்கறோம்" என்பான் இவன். குழிக்குள் மழை நீரும் போகும், பிளாண்டில் உப்போடு பிரித்துத் தள்ளும், கேனில் ஏறாத தண்ணீரும் போகும். பத்திரிகையில்கூடப் படம் வந்தது.

குழி, பிளாண்டின் தில்ஷாத் வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி இருக்கிறது. இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்றைக்கும் போர் தண்ணீர் எடுக்கவில்லை. நல்ல நாளில் பாட்டிலும் கையுமாகப் போய் நிற்பது சரியில்லை.

ஏப்ரல் 20, சனி

எடுத்துவிட்டேன். போர் தண்ணீர் ஒன்று, கேன் தண்ணீர் ஒன்று, குழிக்குப் போகும் குழாயில் ஒன்று.

மே 4, சனி

கேன் தண்ணீரில் ஒன்றுமே இல்லை. மெஷினால்கூடப் பார்க்க முடியாத அளவு சுத்தம். லோகு சுத்தமான தண்ணீர்தான் விற்கிறான்.

அவன் போரில் தில்ஷாத் கிணற்றுக்குச் சமமாக. குழாயில் அதைப்போல இரண்டு மடங்கு.

ஃபெலிசியா சொல்லவே வேண்டியிருக்கவில்லை. குழியில் விட்டது பாறை வெடிப்பில் இறங்கி, பாதி தில்ஷாத் கிணற்றுக்கும் பாதி திரும்ப லோகுவின் போருக்கும் போகிறது. அவன் அதையே மறுபடி எடுக்கிறான், மறுபடி பிரிக்கிறான். நல்ல தண்ணீர் கேனில் ஏறி ஊரைவிட்டுப் போய்விடுகிறது. மற்றதெல்லாம் இங்கேயே சுற்றுகிறது, வருஷத்துக்கு வருஷம் கெட்டியாகிக்கொண்டு.

அளவு, வெளிநாடுகளில் குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பைத் தாண்டியிருக்கிறது. அதனால் நாளைக்கே யாருக்கும் எதுவும் ஆகாது. பல வருஷம் குடித்தால், அதுவும் குழந்தை குடித்தால், என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. தெரியாது என்பதுதான் பதில்.

தொடக்கத்திலிருந்து இதைத்தான் தேடினேனா, இதைத் தேடாமல் இருக்கத்தான் மற்றதையெல்லாம் தேடினேனா?

மே 5, ஞாயிறு

தில்ஷாத் வீட்டுக்கு லோகு பிளாண்டிலிருந்து கேன் போடச் சொன்னேன். என் கணக்கில். வெயில் காலம், குழந்தைக்கு நல்லது என்று சொல்லியனுப்பினேன்.

மே 9, வியாழன்

தில்ஷாத் மாடிக்கே வந்துவிட்டாள். குழந்தையைத் தரையில் விட்டாள். ஆலியா என் பாட்டில் பெட்டியைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தது.

"அக்கா, சர்டிபிகேட் கேட்டேன், கேனு வருது. என்னங்க்கா சமாச்சாரம்?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். டேங்கர், நுரை, பாறை, குழி. கொதிக்க வைத்தால் அது போகாது, வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும் என்பதையும். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அன்னிக்கு அடுப்புப் பக்கத்துலதான நின்னீங்க?" என்றாள்.

"அன்னைக்கு உன் கெணத்துல எவ்வளவு இருக்குன்னு தெரியாது."

"இருக்குதுன்னு தெரியுமில்ல."

"தெரியும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பெட்டியைப் பிடித்திருந்த குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"இப்ப நீங்க அனுப்பற கேனு அந்த பிளாண்டுலருந்துதான வருது?"

"ஆமா."

"அப்ப நான் ஒரு கேன் நல்ல தண்ணி குடிச்சா, அதுல இருந்த அழுக்கு அத்தனையும் என்ர கெணத்துக்கே வந்துரும். அப்படித்தானுங்க?"

இருபது வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இதை அப்படி ஒரே வாக்கியத்தில் எனக்குச் சொல்ல வரவில்லை.

"உங்க தம்பிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"நீங்க சொல்றீங்களா, நான் போயிக் கேக்கட்டுமா?"

மே 10, வெள்ளி

சொன்னேன். பிளாண்டு ஆபீஸில், அவனும் நானும் யசோதாவும்.

லோகு கேட்டுக்கொண்டே இருந்தான். முடித்ததும், "அக்கா, நான் தண்ணிய சுத்தம் பண்றவன். அழுக்குப் பண்றவன் இல்ல" என்றான்.

"நீ அழுக்குப் பண்ணல. இருக்கறத ஒரே எடத்துல சேக்கற."

"லாரி கவுந்ததுக்கு நான் பொறுப்பா? நுரை அடிச்சதுக்கு நான் பொறுப்பா?"

"இல்ல."

"சாக்கடையில விடாம குழி வெட்டுனதுக்கு எனக்கு இதுவா? ஊர்ல ஒருத்தன் வெட்டுனானா?"

"நீ நல்லதுன்னு நெனச்சுத்தான் வெட்டுன, லோகு."

"எந்த வீட்டுல உக்காந்து எங்கயோ அனுப்பி டெஸ்ட் பண்ணியிருக்க? இந்த வீட்டுல உக்காந்து!"

யசோதா, "ஏனுங்க, என்ன நாயம் பேசறீங்க" என்று அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறிவிட்டு வெளியே போனான்.

சூட்கேஸைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தேன். தூசி நிறைய இருந்தது, அதற்காகத்தான்.

மே 12, ஞாயிறு

கீழே இருந்து குழம்பு மட்டும் வந்தது.

மே 15, புதன்

கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தேன். ஒற்றை அறை, மேற்குப் பார்த்த ஜன்னல். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 18, சனி

காலையில் மாடிக் கதவை லோகு தட்டினான். சவரம் செய்யவில்லை. சூட்கேஸைப் பார்த்தான்.

"மோட்டார நிறுத்திட்டேன். மூணு நாளா பிளாண்டு ஓடல. தில்ஷாத்து வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். உள்ள கூப்பிட்டு டீ குடுத்துச்சு. கேன் தண்ணியில போட்ட டீ."

"பிளாண்ட மூடிட்டேன்னு சொன்னியா?"

"சொன்னேன். அதுக்கு அது கேக்குது, 'மூடிட்டா அந்தத் தண்ணி எங்கீங்கண்ணா போகும்?'னு. நீ சொல்லு."

உட்கார வைத்து, காகிதத்தில் வரைந்து காட்டினேன். போர் ஓடினால் சுற்றியுள்ளதைத் தன் பக்கம் இழுக்கும். நிறுத்தினால் அது சரிவில் கிழக்கே போய்க்கொண்டே இருக்கும். அடுத்தது பள்ளிக்கூடத்துக் கிணறு. அதற்கப்பால் ஓடை.

"அப்ப ஓட்டுனாலும் தப்பு, நிறுத்துனாலும் தப்புங்கற."

"ஓட்டணும். ஆனா கேன்ல ஏறாத தண்ணி மண்ணத் தொடக்கூடாது. இந்த ஊருல அத வெளிய எடுக்கற மெஷின் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. உன்னுது."

அவன் அந்தப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். அப்புறம் சின்ன வயதில் கணக்குப் புரிந்தால் செய்வதுபோல மூக்கைச் சொறிந்துகொண்டான்.

"உருண்டு வெளாண்டம்லக்கா அதுல" என்றான்.

மே 26, ஞாயிறு

குழிக்குப் போகும் குழாயை லோகுவே வெட்டி, சிமெண்ட் வைத்து அடைத்தான். பிளாண்டுக்குப் பின்னால் இருந்த சோளக்காட்டைத் தோண்டி, கனத்த ஷீட் இரண்டடுக்கு விரித்து, ஆழமில்லாத தொட்டி கட்டியிருக்கிறான். மழை விழாமல் மேலே கண்ணாடித் தகடு. இனிக் கழிவுத் தண்ணீர் அங்கே வெயிலில் வற்றும். தொட்டி தாங்கும் அளவுக்கு மட்டும்தான் மோட்டார் ஓடும். வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் வேறு கேனுக்குப் போய்விட்டார்கள்.

தில்ஷாத் வீட்டுக்குக் காவிரிக் குழாயில் தனி இணைப்புக்கு லோகுவும் அவள் புருஷனும் சேர்ந்து போய் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது வரும்வரை கேன். பள்ளிக்கூடத் தலைமையாசிரியரிடமும் ஊராட்சியிலும் நான் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ஒருவர், "கண்ணுக்குத் தெரியுங்களா அது?" என்றார். தெரியாது என்றேன். நிறம் உண்டா, வாசம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். கேள்வி கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சூட்கேஸ் பரணுக்குப் போய்விட்டது. யசோதா ஏற்றி வைத்திருக்கிறாள்.

ஜூன் 22, சனி

தில்ஷாத் கிணற்றை மறுபடி பார்த்தாயிற்று. கொஞ்சம் குறைந்திருக்கிறது, அல்லது குறைந்தது போலத் தெரிகிறது. ஃபெலிசியா, "ஒரு தடவைய வெச்சு எதுவும் சொல்லாதே" என்கிறாள். தில்ஷாத்திடம் இரண்டையும் சொன்னேன். இப்போதெல்லாம் அவளிடம் எதையும் மிச்சம் வைப்பதில்லை. அவளும் முன்போலச் சிரித்துப் பேசுவதில்லை. கேள்வி மட்டும் கேட்கிறாள்.

ஜூன் 30, ஞாயிறு

தொட்டியின் முதல் வண்டலை இன்று வழித்தெடுத்தோம். கையுறை, முகக்கவசம். சாம்பல் நிறத்தில், ஈரமான உப்புப்போல. இத்தனை தண்ணீருக்கு இவ்வளவுதானா என்று இருந்தது. நீல பிளாஸ்டிக் டிரம்மின் அடி மறையும் அளவு.

தில்ஷாத்தும் வந்து பார்த்தாள். "இத எங்கீங்க கொண்டு போவீங்க?"

மிகக் கடுமையான சூட்டில் எரித்தால்தான் அந்தச் சங்கிலி அறும், அப்படிப்பட்ட உலை எங்கே இருக்கிறது, நம்முடையதை எடுத்துக்கொள்வார்களா என்று ஃபெலிசியா விசாரித்துக்கொண்டிருக்கிறாள் என்றேன்.

"அதுவரைக்கும்?"

"இங்கதான் இருக்கணும்."

லோகு மூடியைத் திருகி, ஒரு தடவை அசைத்துப் பார்த்து, மறுபடி திருகினான். பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் என்னிடம் நீட்டினான். "உன்ர எழுத்துதான் நல்லா இருக்கும். எழுதுக்கா. எப்பவோ யாரோ தொறந்து பாத்தா புரியற மாதிரி."

உள்ளே இருப்பது என்ன, எங்கிருந்து வந்தது, மண்ணிலும் தண்ணீரிலும் கொட்டக்கூடாது என்று எழுதினேன். தில்ஷாத் எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு, "தண்ணியில கரைஞ்சிரும்னும் எழுதுங்க. இல்லீன்னா கழுவி விட்டுருவாங்க" என்றாள். அதையும் எழுதினேன்.

லோகு பிரஷ்ஷை வாங்கிக்கொண்டான். டிரம்மின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, நான் எழுதியதற்குக் கீழே, கோணல்மாணலாக, தன் முழுப் பெயரை எழுதினான். அதன் கீழ் ஃபோன் நம்பர்.

"எதுக்குங்க?" என்றாள் யசோதா.

"கேக்கறவங்க யாரையாவது கேக்கணும்ல" என்றான்.